இம்போர்ட் எரர் வந்ததும் டேட்டாவைக் கரைக்காதீர்கள்

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ அறையில் இருந்துகொண்டு, போன் ஹொட்ஸ்பொட்டில் மெஷின் லேர்னிங் பழகுகிறவர்களுக்கு டேட்டாதான் பெரிய செலவு. பைத்தனில் மெஷின் லேர்னிங்குக்கான லைப்ரரியான டென்சர்ஃப்ளோ ஒருமுறை இறங்கவே சில நூறு எம்பி தின்னும். எரரைக் கண்டதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டாம். முதலில் கடைசி வரியை வாசியுங்கள்.

அதில் "நோ மொடியூல் நேம்ட்" என்று இருக்கிறதா? இன்ஸ்டோல் செய்த பிறகும் அப்படி வந்தால், பெரும்பாலும் லைப்ரரி வேறொரு பைத்தனுக்குள் போயிருக்கும். அனகொண்டா என்ற பைத்தன் தொகுப்பில் ஒன்று, விண்டோஸில் தனியாக ஒன்று என ஒரே லப்டொப்பில் இரண்டு பைத்தன் இருப்பது சாதாரணம். கோட் எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் "இம்போர்ட் சிஸ்" கொடுத்து, "சிஸ்.எக்சிகியூட்டபிள்" என்பதைப் பிரின்ட் செய்தால் எந்தப் பைத்தன் ஓடுகிறது என்று முழுப் பாதையும் தெரியும். பிப் என்பது லைப்ரரிகளை இறக்கி ஏற்றும் கருவி. அங்கேயே "%பிப் இன்ஸ்டோல்" என்பதோடு லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் லைப்ரரி சரியான இடத்துக்குப் போகும். பிறகு கேர்னலை, அதாவது நோட்புக்குக்குப் பின்னால் ஓடும் பைத்தனை, ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெர்மினலில் என்றால் வெறும் "பிப்" வேண்டாம், "பைத்தன் -எம் பிப் இன்ஸ்டோல்" என்றே அடியுங்கள்.

இம்போர்ட் செய்யும் பெயரும் இன்ஸ்டோல் செய்யும் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. எஸ்கேலேர்னுக்கு "சைகிட்-லேர்ன்", சிவி2வுக்கு "ஓப்பன்சிவி-பைத்தன்", பிஐஎல்லுக்கு "பில்லோ" என்று இன்ஸ்டோல் செய்ய வேண்டும்.

நம்பை என்ற லைப்ரரியின் பெயரிலேயே உங்கள் கோப்புக்கு "நம்பை.பிவை" என்று பெயர் வைத்திருந்தால், பைத்தன் லைப்ரரிக்குப் பதிலாக அதைத்தான் எடுக்கும். பெயரை மாற்றினால் போதும்.

"கெனொட் இம்போர்ட் நேம்" என்றோ "ஹேஸ் பீன் ரிமூவ்ட்" என்றோ வந்தால் வேறு கதை. பெரும்பாலும் லைப்ரரி இருக்கிறது, நீங்கள் பார்த்துப் பழகும் பாடம்தான் பழசு. பொஸ்டன் வீட்டு விலைத் தரவை எடுக்கும் "லோட்_பொஸ்டன்" சைகிட்-லேர்ன் 1.2இல் நீக்கப்பட்டது. அந்தத் தரவில் கறுப்பின மக்களின் வீதத்தை வைத்து அமைத்த ஒரு நிரல் (கொலம்) இருந்தது, நீக்கியது சரியே. பதிலுக்கு "ஃபெட்ச்_கலிஃபோர்னியா_ஹவுசிங்" எடுங்கள். "எஸ்கேலேர்ன்.குரோஸ்_வலிடேஷன்" என்று பாடம் சொன்னால் "எஸ்கேலேர்ன்.மொடல்_செலக்ஷன்" என்று மாற்றுங்கள்; அதற்கு "நோ மொடியூல் நேம்ட்" என்று வந்தாலும் காரணம் பழைய பாடம்தான். ஒரு வரிக்காகப் பழைய வேர்ஷனுக்கு இறங்க வேண்டாம். புதிய பைத்தனுக்கு அந்தப் பழைய வேர்ஷனின் வீல் கோப்பு (முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்த கோப்பு) பெரும்பாலும் இராது, கம்பைலர் கேட்டு நின்றுவிடும்.

நம்பை 1.எக்ஸில் கம்பைல் ஆனது என்று எரர் வந்தால், 2024இல் வந்த நம்பை 2தான் காரணம். "நம்பை<2" என்பதை மேற்கோளுக்குள் வைத்து இன்ஸ்டோல் செய்யுங்கள். டென்சர்ஃப்ளோவுக்குப் பொருந்தும் வேர்ஷனே இல்லை என்றால், உங்கள் பைத்தன் மிகப் புதிதா, 32 பிட்டா என்று பாருங்கள்.

வைஃபை கிடைக்கும் இடத்தில் "பிப் டவுன்லோட் -டி" என்பதோடு போல்டர் பெயரையும் லைப்ரரி பெயரையும் கொடுத்து, அந்தப் போல்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். வீட்டில் "பிப் இன்ஸ்டோல்" கொடுக்கும்போது "--நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்" உடன் அந்தப் போல்டரைக் காட்டினால் டேட்டா இல்லாமலே ஏறும். இரண்டு கணினியிலும் விண்டோஸும் பைத்தன் வேர்ஷனும் ஒன்றாக இருக்க வேண்டும்.