பிக்கப் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் பலருக்கும் வருகிற ஆசை இது. சத்தம் மெலிசாக இருக்கிறது, நோட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது, பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகள் பாடியில் வந்து முடியும் இடம்) பக்கம் சுவிட்சைத் தள்ளினால் காதைக் கிழிக்கிறது, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். டோன் நிச்சயம் மாறும். சஸ்டெயின், அதாவது நோட்டு எவ்வளவு நேரம் நீண்டு ஒலிக்கிறது என்ற விஷயத்தில் மட்டும் பிக்கப்பிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஏனென்றால் பிக்கப் வெறும் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். ஃபெண்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை கிட்டாரின் பிக்கப்பில் தலைமுடி அளவுள்ள 42 கேஜ் (எண் கூடக் கூடக் கம்பி மெலியும்) கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே ஸ்ட்ரிங் அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், கம்பியில் சிறிய மின்னழுத்தம் பிறக்கும், அது ஆம்ப்ளிஃபையருக்கு, அதாவது ஆம்புக்குப் போகும். ஸ்ட்ரிங் எவ்வளவு நேரம் அதிர வேண்டும் என்பதை தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் நட், கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட், பிரிட்ஜ், நெக் (கழுத்து) பாடியோடு சேருமிடம், ஸ்ட்ரிங்கின் வயது இவையெல்லாம் முடிவு செய்கின்றன. பிளக் செய்யாமலே வாசித்துப் பாருங்கள். ஒரு ஃப்ரெட்டில் மட்டும் நோட்டு சட்டென்று செத்துப்போனால் எந்தப் பிக்கப்பும் அதை எழுப்பாது. துருப்பிடித்த பழைய ஸ்ட்ரிங்கோடு புதுப் பிக்கப் வாங்குவது வீண் செலவு, முதலில் ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள்.

பிக்கப்பால் சஸ்டெயினைக் கூட்ட முடியாது, ஆனால் கெடுக்க முடியும். இது பலருக்குத் தெரியாது. ஸ்ட்ராட் பிக்கப்பில் மேலே தெரியும் ஆறு உருண்டைக் கம்பிகளும் தாமே காந்தங்கள். அவற்றை ஸ்ட்ரிங்குக்கு மிக அருகில் ஏற்றி வைத்தால் இரும்பு ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும், அது சுதந்திரமாக ஆட முடியாது. ஆறாவது ஸ்ட்ரிங்கில் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு நோட்டை அடித்துவிட்டுக் கூர்ந்து கேளுங்கள். ஒரே சுருதியில் நிற்காமல் 'வ்வ்வ்' என்று அலைந்தாலோ, ஒரே நோட்டில் இரண்டு சுருதி கேட்பதுபோல் இருந்தாலோ காந்தம் இழுக்கிறது என்று அர்த்தம். ட்யூனரும் ஒரு இடத்தில் நிற்காமல் தள்ளாடும். எவ்வளவு இன்டொனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி) சரிசெய்தாலும் அடங்காது.

மருந்து சுலபம். இரண்டு ஓரத்து ஸ்ட்ரிங்கையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதியிலிருந்து காந்தத்தின் தலை வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்புக்கு தடித்த ஸ்ட்ரிங் பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டரில் தொடங்கலாம். கிப்ஸனின் லெஸ் பால் வகை கிட்டாரில் வரும் ஹம்பக்கரில் (இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள் கொண்ட பிக்கப்) காந்தம் அடியில் படுத்திருப்பதால் இழுவை குறைவு, பிரிட்ஜில் இன்னும் நெருங்கலாம்: நெக் பிக்கப்பில் 2.4, பிரிட்ஜ் பிக்கப்பில் 1.6. இவை தொடக்க அளவுகள்தான். அங்கிருந்து ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பி, ஒரே வரியை ஒரே ஆம்ப் செட்டிங்கில் வாசித்து, காதால் முடிவு செய்யுங்கள். கொஞ்சம் இறக்கியதும் சத்தம் குறையும், அதை ஆம்பில் கூட்டிக்கொள்ளுங்கள், நோட்டு திறந்து நீளமாக ஒலிப்பது அப்போது தெரியும். பிக்கப் மாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்களில் கணிசமானவர்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் 'சூடான', அதாவது அவுட்புட் அதிகமுள்ள பிக்கப் போட்டதும் சஸ்டெயின் கூடிவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவுட்புட் அதிகமுள்ள பிக்கப் ஆம்பின் முன்பகுதியை முட்டித் தள்ளும், ஒலி டிஸ்டார்ஷனுக்குள் போகும், அங்கே உச்சங்கள் நசுங்கித் தேயும் பகுதி ஒப்பீட்டளவில் உயர்ந்து கேட்கும். ஸ்ட்ரிங் அதே நேரம்தான் அதிர்கிறது, காதுக்கு மட்டும் நீண்டு கேட்கிறது. இதே விளைவை ஒரு கம்ப்ரஸர் அல்லது பூஸ்ட் பெடல் குறைந்த செலவில் தரும், வேண்டாதபோது அணைக்கவும் முடியும். டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் டோனில் அதிகம் வாசிப்பவர் என்றால் சூடான பிக்கப் வாங்கி வருத்தப்படுவீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் டோன் பிடிக்கவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சரி, முதல் கேள்வி இரைச்சல். ஸ்ட்ராட்டில் இருப்பது போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயில் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலை அப்படியே வாங்கிக்கொள்ளும், கெயினை ஏற்றினால் அதுவும் சேர்ந்து ஏறும். கிப்ஸனில் வேலை செய்த சேத் லவர் இதற்காகத்தான் எதிரெதிராக இரண்டு காயில்களை இணைத்தார், 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், கிடைத்தது 1959-இல். அந்த நாட்களில் 'காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டது' (Patent Applied For) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றவைதான் இன்று பிஏஎஃப் என்று எல்லோரும் உருகும் பிக்கப்புகள். ஹெவியாக வாசிப்பவருக்கு ஹம்பக்கர் வசதி. ஸ்ட்ராட்டின் மணியோசை வேண்டும், முனகல் வேண்டாம் என்றால் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் இரட்டைக் காயில்களைப் பாருங்கள், ஓசை கொஞ்சம் மாறும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால் அது வழக்கமானதே. தொட்டதும் கூடினால் வயரிங்கில் பிழை இருக்கலாம். விரலில் சுருக்கென்று ஷாக் அடித்தால் உடனே நிறுத்துங்கள், அது வீட்டு எர்த் அல்லது ஆம்ப் பிரச்சினை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் தொடாதீர்கள். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் ஆம்பை ஓட்டிக்கொண்டு பிக்கப்பைக் குறை சொல்வதை நிறையப் பார்க்கலாம்.

அடுத்து அவுட்புட். விளம்பரத்தில் கம்பியின் மின்தடையைக் காட்டும் கிலோ ஓம் எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள்: ஸ்ட்ராட் 6, பிஏஎஃப் வகை 7 முதல் 8.5, செய்மோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி என்ற சூடான ஹம்பக்கர் சுமார் 16. ஒரே கேஜ் கம்பியில் சுற்று கூடினால் எண்ணும் கூடும், சத்தமும் நடுப்பகுதியும் கூடும், மேல்பகுதியின் பளபளப்பு குறையும், அதுவரை சரி. ஆனால் கம்பி மெலிந்தாலும் எண் ஏறும். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரில் நெக் பிக்கப் 43 கேஜில் சுற்றப்பட்டது, மீட்டரில் பிரிட்ஜைவிட அதிகமாகக்கூடக் காட்டலாம், ஆனாலும் வாசித்தால் அடக்கமாகத்தான் இருக்கும். எனவே அந்த எண்ணை ஒரே வகைப் பிக்கப்புகளுக்குள் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தம் பற்றி இணையத்தில் சண்டையே நடக்கும். பொதுவாக ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த காந்தம்) 2 மென்மை, கீழ்ப்பகுதி கொஞ்சம் தளர்வு. ஆல்னிகோ 5 இறுக்கமும் பிரகாசமும். செராமிக் இன்னும் இறுக்கம், கடினமான விளிம்பு, மெட்டல் ரிதமுக்குப் பொருந்தும். ஆனால் சுற்றும் காந்தமும் சேர்ந்துதான் குரல் தருகின்றன, காந்தத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் உள்ளே சிறிய ப்ரீஆம்ப் வைத்து 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன, இரைச்சல் மிகக் குறைவு, 25 கே (கிலோ ஓம்) பொட்டென்ஷியோமீட்டர்களை, அதாவது வால்யூம், டோன் நாபுகளின் அடியில் இருக்கும் பாகங்களை எதிர்பார்க்கும், அதனால் பழைய பொட்டென்ஷியோமீட்டர்களையும் மாற்ற வேண்டும்.

இனி ஒரு ரகசியம், ஸ்ட்ராட் வைத்திருப்பவர்களுக்கு. பழைய பாணி வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கன்ட்ரோலே கிடையாது, இரண்டு டோன் நாபும் நெக்குக்கும் நடுவுக்கும்தான். பிரிட்ஜ் குத்துகிறது என்ற புகாரில் பாதி இதனால் வருவது. சுவிட்சில் ஒரு சிறு வயரை இழுத்து, இரண்டாவது டோன் நாபை பிரிட்ஜுக்கும் வேலை செய்ய வைத்து, அதை ஆறேழில் வைத்து வாசித்துப் பாருங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் மதிப்பும் அதேபோல: சிங்கிள் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே வழக்கம். ஹம்பக்கர் மந்தமாகக் கேட்டால் கவரைத் திறந்து பொட்டென்ஷியோமீட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், 250 இருந்தால் பிரகாசத்தை அதுதான் தின்கிறது. நீளமான மலிவுக் கேபிளும் தன் கெபாசிட்டன்ஸால் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) அதையே செய்யும், மூன்று மீட்டர் கேபிளை நண்பரிடம் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்டர் போடும் முன் அளவு. ஹம்பக்கரில் ஓரத்துத் திருகு முதல் மறு ஓரத்துத் திருகு வரை கிப்ஸன் வகையில் 49 அல்லது 50 மில்லிமீட்டர், ஃபெண்டர், ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் வகையில் 52, 53. பிரிட்ஜ் அருகே ஸ்ட்ரிங் அகலமாக விரிந்திருப்பதால் குறுகியதைப் போட்டால் ஓரத்து ஸ்ட்ரிங் திருகுக்கு மேல் வராது, சத்தம் பெரிதாகக் கெடாது, ஆனால் கண்ணை உறுத்தும். காயிலைப் பிரித்து ஒரு பாதியை மட்டும் பயன்படுத்த ஆசை என்றால் நான்கு வயர் வரும் மாடல்தான் வேண்டும், பழைய பாணி ஒற்றை வயர் உதவாது. பட்ஜெட் இறுக்கம் என்றால் எல்லாப் பிக்கப்பையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள், நீங்கள் அதிகம் வாசிக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கொஞ்ச நாள் பழகுங்கள்.

சால்டரிங் பழக்கம் இல்லாதவர் கடையில் கொடுத்துவிடலாம். நீங்களே செய்வதாக இருந்தால், பழைய வயர்களைக் கழற்றும் முன் போனில் நாலைந்து படம் எடுங்கள், பாடியின் மேல் துணி விரியுங்கள், உருகிய ஈயம் பெயின்ட்டில் சொட்டினால் போகாது. ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் அருகே அலட்சியமாகக் கொண்டுபோகாதீர்கள், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் காயிலின் பக்கவாட்டில் குத்தும், அந்த முடிக் கம்பி ஒரு இடத்தில் அறுந்தால் பிக்கப் முடிந்தது. ஸ்ட்ரிங் போடும் முன்பே பிளக் செய்து, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்லத் தட்டுங்கள், ஆம்பில் 'டொக்' என்று கேட்க வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போட்டதும் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் கேட்டால் இரண்டும் எதிர் ஃபேஸில் (ஒன்றின் அலை மற்றதை அழிக்கும் நிலையில்) இருக்கின்றன, தயாரிப்பாளரின் வயரிங் படத்தைப் பார்த்து ஒன்றின் வயர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். கழற்றிய பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் வையுங்கள், கிட்டாரை விற்கும் நாளில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு நல்லதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.