ஐஇ 9-ல் மட்டும் இரட்டிப்பாகச் சாய்ந்த பட்டை

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றின் இணையப் பக்கம். மூலையில் ‘இன்றைய வரத்து’ பட்டை இடப்பக்கமாக 15 டிகிரி சுழல வேண்டும். மண்டியின் விண்டோஸ் 7 கணினியில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 (ஐஇ 9) பிரவுசரில் மட்டும் 30 டிகிரி சுழன்றது. கேஷை (பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகலை) அழித்தும், டாக்டைப்பை (பக்கத்தின் தொடக்கத்தில் வரும் எச்டிஎம்எல் வகை அறிவிப்பை) மாற்றியும் பயனில்லை.

ஐஇ 8-க்கென்று எழுதும் மேட்ரிக்ஸ் ஃபில்டரையும் (நான்கு எண்களால் சுழற்றும் பழைய சிஎஸ்எஸ் வரி) ஐஇ 9 ஏற்கும், எம்எஸ் முன்னொட்டுள்ள டிரான்ஸ்ஃபார்மையும் (சுழற்றும் புதிய சிஎஸ்எஸ் வரி) ஏற்கும். பக்கத்தில் இரண்டும் இருந்தால் இரண்டு தடவை சுழற்றும். ‘ஐஇ 9-க்குக் கீழே மட்டும்’ என்ற கண்டிஷனல் கமெண்டுக்குள் (குறிப்பிட்ட ஐஇ பதிப்புகள் மட்டும் படிக்கும் பகுதிக்குள்) ஃபில்டர் வரியைத் தள்ளியதும் சரியானது, அப்பாடா!

ஃபில்டரின் நான்கு எண்களில் எம்11, எம்22 இரண்டும் 0.9659, எம்12 0.2588, எம்21 மட்டும் -0.2588. சுழன்ற பட்டை அடங்கும்படி பெட்டியைப் பெரிதாக்கும் ‘ஆட்டோ எக்ஸ்பாண்ட்’ விட்டுப்போனால் ஓரம் வெட்டுப்படும். ஃபில்டர் மையத்தை வைத்துச் சுழற்றாது என்பதால், 120×40 பிக்சல் பட்டைக்கு ஐஇ 8-ல் இடது மார்ஜின் -3, மேல் மார்ஜின் -15 பிக்சல் தேவை.