பழைய டிராக்டரில் தேய்ந்த பிரேக் தட்டு மாற்றுவது

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சேற்றுழவு ஓட்டும் பழைய டிராக்டர்களில் உலர் டிஸ்க் பிரேக் (எண்ணெயில் மூழ்காத தட்டு பிரேக்) சீக்கிரம் போவதற்குச் சேறுதான் முக்கியக் காரணம். உள்ளே புகுந்து, தட்டின் மேலுள்ள உராய்வுப் பரப்பான லைனிங்கை அரம் போல அராவிவிடும்.

சமதளத்தில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பெடலோடு இணைந்த பிரேக் ராடையும் கவர் போல்ட்டுகளையும் கழற்றினால் தட்டு, ஆக்சுவேட்டர் (மிதிக்கும்போது விரிந்து தட்டுகளை அழுத்தும் பாகம்), தட்டு என வரிசையாக வரும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதவே கூடாது. முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்கு வந்துவிட்டால் தட்டு முடிந்தது. லைனிங் கறுத்து ஆயில் வாடை அடித்தால் முதலில் எண்ணெய் கசிவைத் தடுக்கும் ஆயில் சீலை மாற்றுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சீலை மாற்றாவிட்டால் புதுத் தட்டும் சில நாளில் நனைந்து வழுக்கும். ஆக்சுவேட்டரைப் பிரித்து, இரும்புக் குண்டுகள் உட்காரும் குழிகளை விரலால் தடவுங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் குண்டு சிக்கி, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும்.

தட்டுகளை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இடது, வலது பிரேக் பெடல் இரண்டின் பிளேயும் (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) கையேட்டில் சொன்ன அளவில் சமமாக இருக்கட்டும். பெடல்களைக் கொக்கியால் இணைத்து, காலி இடத்தில் மெதுவாக ஓட்டி மிதியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்க ராடைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.