ஆங்கிலச் சொல் விளையாட்டுகள்: வகுப்பு கலகலக்கிறது, சொல் மட்டும் நிற்பதில்லை

வகுப்பில் ஆடும் சொல் விளையாட்டால் பயன் உண்டா, அது வெறும் பொழுதுபோக்கா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை சொல்லைத் தன் நினைவிலிருந்து தேடி எடுத்தது? பக்கத்துப் பிள்ளை சொன்னதைக் கேட்டது, பலகையில் பார்த்தது, எல்லோரோடும் சேர்ந்து கத்தியது எதுவும் இந்தக் கணக்கில் வராது.

2008இல் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்கக் கொடுத்தார்கள். ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லையும் விடாமல் கேட்டுச் சோதித்த பிரிவினருக்கு ஒரு வாரம் கழித்தும் ஏறக்குறைய 80 விழுக்காடு நினைவில் இருந்தது. அப்படிப்பட்ட சொல்லைப் படிக்க மட்டும் கொடுத்து, சோதிப்பதை நிறுத்திவிட்ட பிரிவினருக்கு அதில் பாதிகூட நிற்கவில்லை. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

ஒருவர் ஆட, முப்பத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பது

கரும்பலகையில் கோடு போட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும் ஹேங்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் 10 நிமிடம் ஆடினால் நான்கு சொல் முடியும். ஒரு பிள்ளைக்கு ஓர் எழுத்தைச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்தாலே அதிகம். சொல்லின் பொருள் தெரியாமலே ஜெயிக்கலாம் என்பது அடுத்த ஓட்டை. (ஒவ்வொரு தவறான எழுத்துக்கும் சிறிது சிறிதாக வரையும் தூக்குக் கயிற்றுப் படம் வகுப்பறைக்குத் தேவையே இல்லை. எட்டு இதழ் உள்ள பூவை வரைந்து ஒவ்வொரு இதழாக அழித்தாலும் ஆட்டம் அதேதான்.) வெறும் கோடுகளுக்குப் பதிலாகச் சொல்லை மறைத்த ஒரு முழு வாக்கியத்தை எழுதினால், எழுத்தைத் தேடும் முன் பொருளை யோசித்தாக வேண்டும்.

அதே வகுப்பை நால்வர் கொண்ட பத்துக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சீட்டுக்கட்டு கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு முறைக்கு அரை நிமிடம் போனாலும் 10 நிமிடத்தில் 20 முறை. ஆளுக்கு 5 முறை வாய் திறக்கிறார்கள். சத்தம் கூடும்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம்.

தவறு செய்தவரை உட்காரவைக்கும் ‘சைமன் சேஸ்’ போன்ற ஆட்டங்களில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. முதலில் வெளியேறுவது சொல் தெரியாத பிள்ளை. அதிகப் பயிற்சி வேண்டியதும் அந்தப் பிள்ளைதான். வெளியேற்றுவதை விட்டுவிடுங்கள். தவறினால் ஒரு புள்ளி போகட்டும், ஆட்டத்தில் நிற்கட்டும்.

பிங்கோவும் ஞாபகச் சீட்டும்

பிங்கோவில் வழக்கமாக நடப்பது இது: ஆசிரியர் ‘அம்ப்ரெல்லா’ என்று வாசிக்கிறார், பிள்ளைகள் கட்டத்தில் அந்த எழுத்துகளைத் தேடி அடிக்கிறார்கள். ஒலியையும் எழுத்தையும் பொருத்தும் பயிற்சியாக, முதல் வகுப்புக்கு இது சரி. சொற்பொருளுக்கு இதில் வேலையே இல்லை. பலகையில் 14 சொல் எழுதுங்கள். பிள்ளைகள் 9 சொல்லைத் தேர்ந்து மூன்றுக்கு மூன்று கட்டத்தில் நிரப்பட்டும். பிறகு பலகையை அழித்துவிடுங்கள். சொல்லை வாசிக்காமல், படத்தைக் காட்டுங்கள் அல்லது ‘மழையில் இதைப் பிடித்துக்கொண்டு போவோம்’ என்பது போன்ற குறிப்பை எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கோடு சேர்ந்ததும் பிங்கோ என்று கத்தினால் மட்டும் வெற்றி கிடையாது. அந்த மூன்று சொல்லையும் சொல்லுக்கொரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். முதல் ஆள் ஜெயித்ததும் நிறுத்தினால் பாதிச் சொற்கள் வெளியே வந்திருக்காது. மூன்று பேர் ஜெயிக்கும்வரை ஓட்டுங்கள்.

கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஜோடி தேடும் ஆட்டத்தில் தவறுகள் சீட்டு செய்யும்போதே தொடங்குகின்றன. மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் பின்பக்கம் தெரியும். கெட்டியான சார்ட் அட்டையை ஏ4 அளவுக்கு வெட்டி, அதை எட்டாக நறுக்கினால் கைக்கு அடக்கமாக இருக்கும். படச் சீட்டின் முதுகில் ஒரு நிறப் புள்ளியும் சொல் சீட்டின் முதுகில் வேறு நிறப் புள்ளியும் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு படத்தையே திருப்பிப் பல முறை வீணாகும். குழுவுக்கு 8 ஜோடி போதும். 20 ஜோடி வைத்தால் மணி அடிக்கும்வரை முடியாது, சொல்லை விட்டுவிட்டு இடத்தை மட்டும் நினைவில் வைக்கும் போட்டியாக மாறிவிடும். இந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவது ஒரே விதி: முதலில் படச் சீட்டைத் திருப்ப வேண்டும், அதன் ஆங்கிலச் சொல்லை வாயால் சொன்ன பிறகுதான் இரண்டாவது சீட்டைத் தொடலாம். இந்த விதி இல்லையென்றால் முழு ஆட்டத்தையும் ஊமையாக ஆடி முடிக்கலாம்.

படமும் சந்தேகத்துக்கு இடம் தரக் கூடாது. ஓடுகிற பையனைக் காட்டினால் ‘பாய்’ என்பதும் சரியான விடைதான். வினைச்சொல் என்றால் ஆளைக் குச்சி உருவமாக வரைந்து, அசைவைக் கோடுகளால் காட்டுங்கள். நம்பிக்கை, நேர்மை மாதிரியான சொற்களுக்குப் படம் தேடி அலைவதைவிட, இடம் விட்ட வாக்கியத்தையே சீட்டில் எழுதுவது மேல்.

ஒரே இனச் சொற்களை ஒரே நாளில் கொட்டுவது

பழங்கள், நிறங்கள், கிழமைகள் என்று பாடநூல் வரிசைப்படுத்தியிருக்கும். விளையாட்டுச் சீட்டும் அதே வரிசையில் வரும். ஆனால் 1993இல் டிங்க்கம், 1997இல் வேரிங் என்ற ஆய்வாளர்கள் செயற்கைச் சொற்களை வைத்து நடத்திய சோதனைகளில், ஒரே இனச் சொற்களைச் சேர்த்துக் கற்றவர்களுக்குத் தொடர்பில்லாச் சொற்களைக் கற்றபோது ஆனதைவிடக் கூடுதல் நேரம் ஆனது. ஒன்று மற்றொன்றோடு குழம்புவதே காரணம். ‘ட்யூஸ்டே’யும் ‘தர்ஸ்டே’யும், ‘லெஃப்ட்’டும் ‘ரைட்’டும் மாறிப்போவது இதனால்தான். ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டுக்கும் தமிழில் ‘கடன்’ என்றே தொடங்குவதால் நம் பிள்ளைகளுக்கு அந்த ஜோடி இன்னும் கடினம்.

ஜோடியில் ஒன்றை மட்டும் முதலில் ஆடுங்கள். அது தடுமாற்றமின்றி வாயில் வந்த பிறகு, அடுத்த வாரம் மற்றதைச் சேருங்கள். ஓர் ஆட்டத்தில் புதிய சொல் 6 முதல் 8 வரை இருந்தால் போதும், மீதி பழைய சொற்களாக இருக்கட்டும். அந்தப் புதிய சொற்களையும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிக் காட்டி, பொருள் புரியவைத்திருக்க வேண்டும். கேள்விப்படாத சொல்லை நினைவிலிருந்து எடுக்க யாராலும் முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறு, அந்தாக்ஷரி பாணியில் கடைசி எழுத்தைப் பிடித்துச் சொல் சொல்வது. ஆப்பிள், எலிஃபண்ட், டைகர், ராட் என்று ஏற்கெனவே தெரிந்ததே சுற்றிச் சுற்றி வரும். கடந்த மூன்று பாடங்களின் சொற்கள் மட்டும் செல்லும், எழுத்துப் பொருந்தாவிட்டால் முந்தைய சொல்லோடு உள்ள தொடர்பைக் காரணம் காட்டி இணைக்கலாம் என்று மாற்றினால் ஆட்டத்துக்கு உயிர் வரும்.

காதும் எழுத்தும்

வரிசையில் காதோடு காது சொல்லி அனுப்பும் ஆட்டத்தில் சொல் சிதைவதுதான் வேடிக்கை. பத்துப் பேர் வரிசையில் தவறான ஒலியை ஒன்பது பேர் பழகிவிடுகிறார்கள். ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். கடைசியில் இருப்பவர் மேசைமேல் உள்ள படங்களில் சரியானதை எடுக்க வேண்டும்.

ஆட்டத்துக்காகச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கத்தையும் கவனியுங்கள். கிரிக்கெட் மட்டை, கெட்டது, செல்லமாகத் தட்டுவது, எழுதும் தாள்கட்டு என்ற நான்கு வெவ்வேறு ஆங்கிலச் சொற்களும் நம் எழுத்தில் ‘பேட்’ ஆகிவிடுகின்றன. இவற்றின் ஒலி வேறுபாட்டை ஆசிரியர் சொல்வதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

அதற்காகத் தமிழையே தடை செய்து, பேசினால் அபராதம் என்று வைப்பது வீண் வேலை. ஆட்ட விதியை ஆங்கிலத்தில் ஏழு நிமிடம் விளக்கி, அதன் பிறகும் புரியாமல் நிற்பதைவிட, தமிழில் ஒரு நிமிடம் சொல்லி, ஒரு குழுவை முன்னால் ஆடவைத்துக் காட்டலாம். ஆட்டத்துக்குள் ஆங்கிலம் வேண்டுமென்றால் அதற்கான வாக்கியத்தைக் கொடுங்கள்: ‘இட்ஸ் மை டர்ன்’, ‘டூ யூ ஹேவ்…?’, ‘சே இட் அகெய்ன்’. மூன்றே வரியைப் பலகை ஓரத்தில் எழுதி வைத்தால் போதும்.

புள்ளி யாருக்கு?

முதலில் கை தூக்கியவருக்குப் புள்ளி என்றால் நான்கைந்து பிள்ளைகளே ஆடுவார்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுத்து, கேள்வி கேட்டு, ஐந்து வினாடி பொறுத்து, அதன் பிறகு எண்ணைச் சொல்லுங்கள். எண் முதலிலேயே தெரிந்துவிட்டால் மற்ற மூவரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

40 நிமிடப் பாடவேளையில் ஆட்டத்தை மணி அடிக்கும்வரை இழுக்காமல் 5 நிமிடம் மிச்சம் வையுங்கள். சீட்டுகளை எடுத்துவிட்டு, படத்தைக் காட்டி ஐந்து சொல் எழுதச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் பலர் தவறினார்களோ அந்தச் சீட்டைச் செருப்புப் பெட்டி ஒன்றில் போட்டு வையுங்கள். மறுநாள் தொடக்கத்தில் அதிலிருந்து ஐந்து சீட்டு, மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. மூன்று தடவையும் வகுப்பு தடுமாறாமல் சொன்ன சீட்டு மட்டும் பெட்டியிலிருந்து வெளியேறலாம். ஒரு தடவை தடுமாறினாலும் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.