திறன் போட்டிக்குத் தயாராகும் இளம் மெக்கானிக்குக்கு

ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பில் சேரும்போதே வயதைக் கணக்கிடுங்கள். உலகத் திறன் போட்டி 2 ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆட்டோமொபைல் பிரிவில் போட்டி ஆண்டில் 22 வயதைத் தாண்டக்கூடாது. மாநிலம், தேசியம் என இந்தியா ஸ்கில்ஸ் படிகளில் ஏறித்தான் அங்கே போக முடியும்.

பயிற்சியில் பாதி நேரத்தை மின்கோளாறுக்குக் கொடுங்கள். ஸ்டார்ட்டர் (என்ஜினைக் கிளப்பும் மோட்டார்) மெதுவாகச் சுற்றினால் உடனே அதைக் கழற்றாதீர்கள். முழு சார்ஜில் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும்; கிராங்க் செய்யும்போது, அதாவது ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுற்றும்போது, 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. அது சரியென்றால், பெட்ரோல் வண்டியில் என்ஜின் கிளம்பாதபடி ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, மிச்ச பெட்ரோலில் என்ஜின் ஓடி நின்றதும், மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் உடலிலும் வைத்து கிராங்க் செய்யுங்கள். 0.2 வோல்ட்டுக்கு வெகுவாக மேலே போனால் எர்த் கேபிளையும் அதன் போல்ட்டுகளையும் பாருங்கள். ஓம்ஸில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்: சில இழைகளே மிஞ்சிய கேபிளும் மின்னோட்டம் இல்லாதபோது நல்லதாகவே காட்டும்.

கிராங்க் ஜர்னலை (கிராங்க்ஷாஃப்டில் பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதி) அளக்கும் முன் மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். இரு ஓரங்களிலும் 90 டிகிரி மாற்றி இரண்டிரண்டு, மொத்தம் 4 அளவுகள். ஓரத்துக்கு ஓரம் வித்தியாசம் டேப்பர். ஒரே ஓரத்தில் திசைக்குத் திசை வித்தியாசம் ஓவாலிட்டி. கையால் இறுக்காமல் மைக்ரோமீட்டரின் முனையிலுள்ள ராட்செட்டைத் திருப்புங்கள். இறுக்கினால் அளவு குறைந்து காட்டும்.