பழைய பத்திரத்தை ஸ்கேன் செய்யும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பீரோவிலிருந்து எடுத்த மூலப்பத்திரக் கட்டை அப்படியே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். அங்கே கூட்டம் இருந்தால் யாரும் நிதானமாகப் பார்க்க மாட்டார்கள். எந்தத் தாள் ஃபீடரில் (தாளைத் தானாக உள்ளே இழுக்கும் பகுதி) போகலாம், எதை ஸ்கேனர் கண்ணாடியில்தான் வைக்கலாம், எதை மேலிருந்து படம் மட்டும் எடுக்கலாம் என்று வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

1. மேசையைத் துடைத்து, ஃபேனை நிறுத்துங்கள். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். துணிக் கையுறை வேண்டாம். அதைப் போட்டால் தாள் எங்கே இற்றிருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது.

2. மடிப்பைப் பாருங்கள். நான்காக மடித்த பத்திரத்தில் மடிப்புகள் குறுக்கே சந்திக்கும் இடம்தான் முதலில் ஓட்டையாகும். பிரிக்கும்போது நொறுங்கும் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரி போடவே கூடாது.

3. மூலையை மெல்லத் தூக்குங்கள். தளர்ந்து வளைந்தால் வலு இருக்கிறது. அட்டை மாதிரி விறைத்து நின்றால் அது ஃபீடருக்கு ஆகாது. வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பருத்திக் கந்தலில் செய்த தாள் நூறு வருடம் கழித்தும் வளைந்து கொடுக்கும். மரக்கூழ்த் தாளோ உள்ளேயே ஊறிய அமிலத்தால் அதற்கு வெகு முன்பே பழுப்பேறி உடையும். மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்க்கும் நூலகச் சோதனை ஒன்று உண்டு. அதில் மூலை உடைந்து கையோடு வந்துவிடலாம், சொத்துப் பத்திரத்தில் அது வேண்டாம்.

4. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். உதிரும் மை, மங்கிய முத்திரை, ராமபாணப் பூச்சி அரித்த தடம் எல்லாம் தெரியும். இரும்பு உப்பு கலந்து செய்த பழைய மை சில நேரம் எழுத்தின் வடிவிலேயே தாளைத் தின்றிருக்கும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஊதா மை கரைந்து ஓடிவிடும்.

5. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், செல்லோடேப் உள்ளதைத் தனியாக வையுங்கள். துருப்பிடித்த பின்னைப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். பதிவான பத்திரத்தின் கட்டைப் பிரிக்காமலே விடுவது நல்லது என்பேன். மேலிருந்து படமெடுத்தால் போதும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்ட ஜெராக்ஸ் நகலையும் இழுக்காதீர்கள். எழுத்து உறையோடு போய்விடும்.

6. பூஞ்சை வாடை அடித்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு அந்தத் தாளை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். நிழலில் காயட்டும், வெயில் வேண்டாம். பொடி உதிர்வது நிற்கும்வரை ஸ்கேனர் பக்கம் கொண்டு வராதீர்கள்.

அப்புறம் வழவழப்பான பில், ஏடிஎம் சீட்டு. அவை வெப்பத்தால் அச்சாகும் தாள்கள், பீரோவுக்குள் இருந்தாலும் எழுத்து மங்கிக்கொண்டே வரும். லேமினேஷன் செய்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். பத்திரம் இன்னும் ஒரு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை, இவற்றை இன்றைக்கே 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.