நல்ல செகண்ட் ஹேண்ட் கடை கண்ணில் படாமல் போவது ஏன்?

"எங்கள் பக்கம் உருப்படியான செகண்ட் ஹேண்ட் கடையே கிடையாது" என்று சொல்பவர்களிடம், எங்கெல்லாம் தேடினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேப்பில் போட்டேன், மேலே வந்த இரண்டு கடைக்குப் போனேன், ஒன்றும் தேறவில்லை என்பார்கள். மாநகரமும் இல்லாமல் கிராமமும் இல்லாமல் நடுவில் இருக்கும் ஊர்களில் இந்தப் பேச்சு அதிகம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். பெருநகரத்தில் நல்ல பொருள் அலமாரிக்கு வந்த சில மணி நேரத்தில் மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நடுத்தர நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அந்தப் போட்டி குறைவு. தேடும் முறையில்தான் கோளாறு.

முதல் தவறு, நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பது. புதுப்பொருள் கடைக்கு அந்த மதிப்பெண் ஓரளவு உதவும், ஏனென்றால் அங்கே நேற்று இருந்த பொருள் நாளையும் இருக்கும். பழைய பொருள் கடையில் விற்றது விற்றதுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் பாராட்டிய மர அலமாரி இன்று யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. விமர்சனத்தைப் படிப்பதானால் வாடிக்கையாளர் போட்ட படங்களைப் பாருங்கள். எந்த வகைச் சரக்கு, எந்த வருடத்துப் படம், துணி அதிகமா, பாத்திரம் அதிகமா என்பது தெரியும். "எல்லாம் குவியலாகக் கிடக்கிறது, தேடி எடுக்க வேண்டியிருக்கிறது" என்று யாராவது சலித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடைக்கு அவசியம் போங்கள். தேடப் பொறுமை இல்லாதவர்கள் விட்டுப்போனதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது, எல்லாக் கடைகளையும் ஒரே வகை என்று எண்ணிக்கொள்வது. பலருடைய ஏமாற்றத்துக்கு இதுதான் காரணம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். தொண்டு அமைப்புகள் நடத்தும் கடைக்கு நன்கொடையாக வருகிறது. அக்கம்பக்கத்தார் எதைக் கொண்டுவந்து போடுகிறார்களோ அதுதான் சரக்கு, ஆகவே அந்தப் பகுதியில் யார் வசிக்கிறார்கள் என்பதே கடையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் குட்வில் அமைப்பு 1902-ல் பாஸ்டனில் தொடங்கியதே இந்தக் கணக்கில்தான். எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வசதியானவர்கள் வாழும் பகுதிகளுக்குப் போய்ப் பழைய துணியும் சாமானும் நன்கொடையாகச் சேகரித்து வந்து, வேலையில்லாதவர்களைக் கொண்டு சரிசெய்து விற்றார். இன்றும் அந்தச் சூத்திரம் மாறவில்லை. வயதானவர்கள் பெரிய வீட்டைக் காலி செய்து சிறிய வீட்டுக்குப் போகும் பகுதியில் மரச்சாமானும் கனமான சமையல் பாத்திரமும் வரும். கல்லூரி மாணவர்கள் தங்கும் பகுதியில் படிப்பு ஆண்டு முடியும் வாரங்களில் மேஜை விளக்கு, நாற்காலி, புத்தகம் என்று கொட்டும்.

கன்சைன்மென்ட் கடை வேறு ரகம். பொருளின் சொந்தக்காரர் அதைக் கடையில் வைத்துவிட்டுப் போவார், விற்றால் ஆளுக்கு ஒரு பங்கு. கடைக்காரர் பார்த்துப் பார்த்து எடுப்பதால் தரம் இருக்கும், விலையும் இருக்கும். ஆனால் 60 நாள், 90 நாள் என்று ஒரு கெடு வைத்து, அதற்குள் விற்காததன் விலையைப் படிப்படியாகக் குறைக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. கெடு எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தவறில்லை. மூன்றாவது வகை, எடைக்கு விற்கும் கடை. மற்றக் கிளைகளில் விற்காதது பெரிய தொட்டிகளில் வந்து விழும், கிளறி எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைத் துணிக்கும், வெட்டித் தைக்கத் துணி தேடுபவர்களுக்கும் அதைவிட லாபமான இடம் இல்லை. அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு தேடுபவர் அங்கே போய்விட்டு "குப்பை" என்று திரும்பினால், அது கடையின் குற்றம் இல்லை.

இந்த வகைகளுக்குள் வராத இடங்களும் இருக்கின்றன. மருத்துவமனைக்கும் விலங்குக் காப்பகத்துக்கும் நிதி திரட்ட நடத்தும் சின்னக் கடைகள், வீடு காலி செய்து கொடுப்பவர்களின் கிடங்குகள், இடித்த வீட்டின் கதவு, ஜன்னல், பூட்டு விற்கும் முற்றங்கள். மேப்பில் ஒரே சொல்லைப் போட்டுத் தேடினால் இவை எட்டிப்பார்க்காது. நான்கைந்து சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள். அதைவிட நல்ல வழி, போன கடையிலேயே "இந்தப் பக்கம் வேறு யார் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஒரே தடவை போய்விட்டுத் தீர்ப்பு எழுதுவதும் தவறுதான். தொண்டுக் கடையின் அலமாரி வாரத்துக்கு வாரம் மாறும். எந்தக் கிழமை சரக்குப் பிரித்து வெளியே வைக்கிறீர்கள் என்று கேட்டு, அடுத்த நாள் காலையில் போனால் அதே கடை வேறு கடையாகத் தெரியும். வார இறுதியில் ஜனங்கள் வீட்டை ஒழித்துக் கொண்டுவந்து கொடுப்பதால் பல இடங்களில் வாரத் தொடக்கம் நல்ல சமயம். விலைச்சீட்டின் நிறத்தையும் கவனியுங்கள். சில சங்கிலிக் கடைகளில் வாரம் ஒரு நிறம் ஒட்டி, பழைய நிறத்துக்குத் தள்ளுபடி கொடுக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே உள்ள கடைக்குப் போகும்போது நேரத்தைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். தன்னார்வலர்கள் நடத்தும் கடைகள் வாரத்தில் சில நாள், அதுவும் சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். இணையத்தில் உள்ள நேரத்தை நம்பாமல் ஒரு போன் போட்டுவிடுங்கள். ஒரு கடைக்காக மட்டும் வண்டி எடுக்காமல், ஒரே சாலையில் உள்ள மூன்று சிற்றூர்களைச் சேர்த்து ஒரு சுற்றாகப் போனால் ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைக்கும்.

அப்புறம், அளவு எடுக்காமல் போவது. துணியில் ஒட்டியிருக்கும் அளவு எண்ணை நம்ப முடியாது. அது நிறுவனத்துக்கு நிறுவனம், காலத்துக்குக் காலம் மாறும், துவைத்துச் சுருங்கியும் இருக்கும். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையையும் பேன்டையும் தரையில் விரித்து, தோள், மார்பு, இடுப்பு, உள்கால் நீளம் ஆகியவற்றை அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு டேப் இருக்கட்டும். மரச்சாமானுக்கு, அதை வைக்கப்போகும் இடத்தின் அளவோடு வீட்டு வாசலின் அகலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாசலில் நுழையாத அலமாரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடை அபூர்வம்.

எடுத்த துணியை வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுக் கவுன்டருக்குப் போகாதீர்கள். உட்பக்கத்தைத் திருப்புங்கள். அக்குளில் மஞ்சள் படிந்திருந்தால் அது பெரும்பாலும் போகாது. காலர் மடிப்பு நைந்திருக்கிறதா, தொடைகள் உரசும் இடத்தில் துணி மெலிந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஜிப்பை மேலும் கீழுமாக இரண்டு முறை இழுங்கள். பட்டன் போனால் தைத்துக்கொள்ளலாம், ஜிப் போனால் தையல்கூலியே துணியின் விலையைத் தாண்டலாம். கம்பளித் துணியில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் பூச்சி அரித்தது. அந்தப் பூச்சியின் முட்டை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும்.

மரச்சாமானில் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்துப் பாருங்கள். பக்கப் பலகையும் முன்பலகையும் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தால் வேலை தெரிந்தவர் செய்தது, சட்டம் ஆடினாலும் இறுக்கிக்கொள்ளலாம். ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டியிருந்தால், அடியில் மரத்தூள் பலகை உப்பியிருந்தால், விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்தில் நுண்ணிய துளைகளும் அதன் கீழே மாவுபோல் தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கலாம்.

மெத்தையும் பஞ்சு சோபாவும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் தொட மாட்டேன். மூட்டைப்பூச்சி தையல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், மாதக்கணக்கில் இரத்தம் இல்லாமல் உயிர் வாழும். துணிமணியையாவது வீட்டுக்குள் பிரிப்பதற்கு முன் துணி உலர்த்தும் டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிடலாம். மெத்தையை எதில் போடுவது?

பாதுகாப்புப் பொருளிலும் இதே கண்டிப்பு வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை ஒரே அடியில் நசுங்கி வேலையை முடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் கீறல்கூடத் தெரியாது. குழந்தைகளுக்கான கார் இருக்கைக்குக் காலாவதித் தேதி உண்டு, விபத்தில் சிக்கியதா என்பதைச் சொல்ல ஆள் இருக்காது. பக்கச் சட்டம் இறங்கும் பழைய தொட்டில்களை அமெரிக்கா 2011-ல் தடை செய்ததற்குக் காரணம், சட்டம் கழன்று உண்டாகும் இடைவெளியில் குழந்தைகள் சிக்கி இறந்ததுதான். பழைய வண்ணம் பூசிய பொம்மையிலும் நாற்காலியிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவை வேண்டாம்.

மின்சாரப் பொருளை, கடையில் உள்ள பிளக்கில் மாட்டிச் சூடாகும்வரை ஓட விடாமல் வாங்காதீர்கள். பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்பதைப் படியுங்கள். 110 என்று மட்டும் போட்டிருப்பதை 230 வோல்ட் இணைப்பில் நேராக மாட்டினால் அன்றே புகைந்துவிடும். செல்போன், டேப்லெட் என்றால் முந்தைய சொந்தக்காரரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று ஆரம்பத் திரைவரை போய்ப் பார்க்க வேண்டும். பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கிற கருவியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.